பயிற்சிக் காலத்துக்கு யார் சோறு போடுவது?

ஜொகூரில் இந்தியர் நிலை பற்றிப் பேச எந்த மண்டபத்தில் கூடினாலும் ஒரு பேச்சு தவறாமல் வரும். “கியாட்மாராவில் இடம் இருக்கிறது, ஐஎல்பியில் இடம் இருக்கிறது, கட்டணம்கூடப் பெரிதாகக் கிடையாது. நம் பிள்ளைகள்தான் வர மாட்டேன் என்கிறார்கள்.” அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைக் குறித்து மேடையில் இருப்பவர் அலுப்போடு சொல்வார். கீழே இருப்பவர்கள் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். கட்சி மாறினாலும் ஆட்சி மாறினாலும் இந்தப் பேச்சு மட்டும் மாறுவதில்லை. சொல்பவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். தமிழ்ப்பள்ளிக்குச் சொந்தக் காசில் கணினி வாங்கிக் கொடுத்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நல்ல மனிதர்கள் நம்பும் தவறு என்பதால் இதை விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

இடம் இருப்பது உண்மை. நம் பிள்ளைகள் குறைவாக வருவதும் உண்மை. அந்த இரண்டிலிருந்து நாம் எடுக்கும் முடிவு பொய். அக்கறை இல்லை, சோம்பல், பெற்றோருக்கு விழிப்புணர்வு போதாது, சினிமா கெடுத்துவிட்டது என்று காரணம் அடுக்குகிறோம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நம் நாட்டுத் தொழிற்பயிற்சி, ஆறு மாதமோ ஒன்றரை வருடமோ சம்பாதிக்காமல் காத்திருக்க முடிந்தவனுக்காக அமைக்கப்பட்டிருக்கிறது. சுரண்டலின் வாயில் நிற்கும் பிள்ளையால் அப்படிக் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடியாததால்தான் அவன் அங்கே நிற்கிறான். சுரண்டுபவனுக்கு இது தெரியும். நம் பயிற்சித் திட்டங்களை வரைபவர்களுக்குத் தெரியவில்லை.

மாசாய், உலு திராம், ஸ்கூடாய், கூலாய் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் இன்று குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பல, இரண்டு தலைமுறைக்கு முன் தோட்டத்தில் இருந்தவை. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளிகளிடம் மாதாமாதம் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது அந்த அச்சத்தினால்தான். அதன் பிறகும் ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புப் பகுதியும் தொழிற்பேட்டையுமானது. ஒவ்வொரு மாற்றத்திலும் லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து ஓரத்துக்குப் பெயர்ந்தன. பால்மரம் வெட்டத் தெரிந்த கைக்குப் பட்டணத்தில் விலை இல்லை. பிள்ளைக்குக் கொடுக்க அப்பனிடம் நிலமும் இல்லை, தொழிலும் இல்லை.

தோட்டத்து வாழ்க்கையை நான் புகழவில்லை. கூலி சொற்பம், அவமானம் அதிகம். ஆனால் அங்கே ஆயாக்கொட்டகை இருந்தது, பள்ளி இருந்தது, கோயில் இருந்தது, தப்பு செய்தால் காதைத் திருகப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருந்தார். அடுக்குமாடியில் அம்மா பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். அப்பா விடியுமுன் நாலரை மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளோடு ஜொகூர் பாலத்தில் நிற்கிறார், சிங்கப்பூரில் பன்னிரண்டு மணி நேரப் பாதுகாவலர் வேலைக்கு. இரண்டு பேரும் சோம்பேறிகள் இல்லை. அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் பிள்ளையின் கூட இருப்பது யார் என்பதுதான் கேள்வி.

அந்தப் பிள்ளை படிவம் மூன்றோடு நின்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தம் 2025இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதுவரை ஆரம்பப் பள்ளி மட்டுமே கட்டாயம், அதுவும் 2003 முதல். அதனால் பதினைந்து வயதில் ஒருவன் பள்ளியை விட்டால் எந்தச் சட்டமும் அவனைத் தேடி வரவில்லை. சிங்கப்பூர் வேலை பெர்மிட்டுக்குப் பதினெட்டு வயது ஆக வேண்டும். இங்கே ஒழுங்கான கம்பெனிகளும் பதினெட்டுக்குக் கீழே எடுக்கத் தயங்குகின்றன. ஆக மூன்று வருடம் அவன் எங்கும் சேராதவன். பள்ளிக்கு அவன் பழைய மாணவன், தொழிலாளர் சட்டத்துக்கு அவன் இளையோன், பல பயிற்சி நிலையங்களுக்கு அவன் எஸ்பிஎம் இல்லாதவன்.

அந்த மூன்று வருடத்தில் அவனைத் தேடி வருகிறவர்கள் உண்டு. கார் கழுவும் கடைக்காரர் வருகிறார், அன்றாடக் கூலி கையில் தருகிறார். லோரிக்காரர் கெலிண்டானாக வரச் சொல்கிறார். கல்யாண மண்டபத்தில் மேசை எடுத்துப் போட ஆள் வேண்டும் என்கிறார்கள். இவையெல்லாம் நேர்மையான வேலைகள். சம்பளச் சீட்டு இல்லை, சொக்சோ இல்லை, இபிஎஃப் இல்லை, அவ்வளவுதான். பிறகு ஓர் அண்ணன் வருகிறார். கைப்பேசி வாங்கிக் கொடுக்கிறார். உன் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து ஏடிஎம் அட்டையைக் கொடு, சில நூறு ரிங்கிட் தருகிறேன் என்கிறார். மோசடிக் கும்பல்கள் பணத்தை நகர்த்துவது இப்படிக் கடன் வாங்கிய கணக்குகள் வழியாகத்தான். இதைத் தடுக்கவே 2024இல் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அந்தப் பிரிவுகளில் முதலில் மாட்டுவது அட்டைக்குச் சொந்தக்காரனான பையன். அண்ணன் வேறு ஊரில் இருப்பார்.

இன்னும் சில இடங்களில் பொட்டலம் வருகிறது. நாகேந்திரன் தர்மலிங்கத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். 2009 ஏப்ரலில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில், தொடையில் கட்டிய 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்ட மலேசியத் தமிழ் இளைஞர். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் மதிப்பிட்டவர். 2022 ஏப்ரல் 27 அன்று சாங்கிச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரு தொழில் சான்றிதழ் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அது எளிமைப்படுத்துவது. ஆனால் பாலத்தின் இந்தப் பக்கத்தில் ஆள் பிடிப்பவர்கள் யாரைப் பார்த்துப் பிடிக்கிறார்கள் என்பதற்கு அந்த வழக்கைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 2022இல் வேலை வாங்கித் தருகிறோம் என்று அழைத்துப் போய்க் கம்போடியாவிலும் மியன்மார் எல்லையிலும் அடைத்து வைத்து இணைய மோசடி செய்ய வைத்த கும்பல்களும் இதே கணக்கைத்தான் போட்டன: இந்த மாதமே காசு தேவைப்படுகிறவன் கேள்வி கேட்க மாட்டான்.

இனி இலவசம் என்கிறோமே, அந்தக் கணக்கைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதே ஆண்டு ஆகஸ்டு முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கும் அது பொருந்தும். ஒரு பிள்ளை ஆறு மாதப் பயிற்சிக்குப் போனால் அவன் வீடு இழப்பது 10,200 ரிங்கிட். ஒரு வருடம் என்றால் 20,400. சட்டப்படியான சம்பளம் அவனுக்குக் கிடைக்காது, பாதிதான் கிடைக்கும் என்று வைத்தாலும் வருடத்துக்குப் பத்தாயிரம். இதோடு கூலாயிலிருந்து பாசிர் கூடாங் போக பெட்ரோல், மத்தியானச் சாப்பாடு, பாதுகாப்புக் காலணி. நிலையம் கைச்செலவுக்குக் கொடுக்கும் சிறு தொகை இதில் எந்த ஓட்டையை அடைக்கும்? வாடகை நிலுவையில் இருக்கும் வீட்டில், தங்கை பள்ளிக்குப் போகும் வீட்டில், பதினேழு வயதுப் பையன் தன் கூலியை நிறுத்திவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? அவன் வகுப்புக்கு வரவில்லை என்றால் அவனுக்குப் பொறுப்பில்லை என்கிறோம். பல வீடுகளில் அவன் வராதது பொறுப்பு இருப்பதால்.

கைத்தொழில் என்றாலே சுலபம், படிப்பு வராதவனுக்கு ஏற்றது என்ற எண்ணமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு தொழிலைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பாசிர் கூடாங்கிலும் பெங்கெராங்கிலும் குழாய் வெல்டிங் தெரிந்தவனுக்கு மதிப்பு உண்டு. அதில் கடினமான தேர்வை ‘சிக்ஸ் ஜி’ என்பார்கள். இரண்டு குழாய்த் துண்டுகளைச் சேர்த்து 45 பாகையில் சாய்த்துப் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடியில் குனிந்து மேல் பார்த்தபடி தொடங்கி, பக்கவாட்டில் ஏறி, மேலே வந்து முடிக்க வேண்டும். ஒவ்வோர் அங்குலத்திலும் கையின் சாய்வு மாறும். முதல் ஓட்டம் இரண்டு துண்டுக்கும் நடுவில் விட்ட மெல்லிய இடைவெளிக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் சீராகப் படிய வேண்டும். கை வேகமாகப் போனால் உள்ளே ஒட்டாது. ஒரு நொடி நின்றால் ஓட்டை விழும். பிறகு கசடைத் தட்டி, கிரைண்டரில் தேய்த்து, அடுக்கு மேல் அடுக்கு. முடிந்ததும் துண்டை வளைத்துப் பார்ப்பார்கள், அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள். ஊசிமுனை அளவு துளைகள் கூட்டமாகத் தெரிந்தால் தேர்வு போயிற்று.

இந்தக் கை ஒரு வார முகாமில் வராது. நூற்றுக்கணக்கான மணி நேரம், வெட்டி எறிந்த எத்தனையோ குழாய்த் துண்டு, பொறுமையான ஓர் ஆசிரியர், இதெல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாளைச் சாப்பாட்டுக் கவலை இல்லாத மனம் வேண்டும். பெங்கெராங்கில் பெட்ரோனாஸும் சவூதி அராம்கோவும் சேர்ந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகம் எழுப்பியபோது பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் கணிசமானோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அதே கோத்தா திங்கி மாவட்டத்தின் தோட்டப் பிள்ளைகளுக்கு அந்த வேலை எட்டவில்லை என்றால் அவர்கள் கை சோம்பியதால் இல்லை. அந்தக் கையைப் பழக்கும் காலம் முழுக்க யாரும் அவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கவில்லை.

பணம் கொடுத்தால் பணத்துக்காகவே வருவான், சான்றிதழ் வாங்கியதும் ஓடிவிடுவான் என்று உடனே பதில் வரும். இது நம்மில் பலர் உண்மையாகவே அஞ்சும் விஷயம், அதனால் தட்டிக்கழிக்க மாட்டேன். மெட்ரிகுலேஷன் மாணவனுக்கு உதவித்தொகை உண்டு. ஆசிரியர் பயிற்சிக் கழக மாணவருக்கு உதவித்தொகை உண்டு. படையில் சேர்ந்தவனுக்குப் பயிற்சியின் முதல் மாதத்திலிருந்தே சம்பளம். அவர்கள் பணத்துக்காக வந்தவர்கள் என்று யாரும் மேடையில் பேசுவதில்லை. டாக்டராகப் போகும் பிள்ளைக்குக் கொடுத்தால் முதலீடு, ஏர்கோன் பழுதுபார்க்கப் போகும் பிள்ளைக்குக் கொடுத்தால் பழக்கிக் கெடுப்பது என்றால், நம் மனத்தில் இருப்பது பொருளாதாரம் இல்லை, தராதரம்.

வெளியே பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய ஜாப் கோர்ப்ஸ் திட்டம், 16 முதல் 24 வயது வரையுள்ள ஏழை இளைஞர்களை விடுதியில் வைத்து, சாப்பாடும் கைச்செலவும் மருத்துவமும் கொடுத்துத் தொழில் கற்பிக்கிறது. சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வில், சேர்ந்தவர்களிடையே கைதுகள் குறைந்திருந்தன. அந்தத் திட்டத்துக்குக் குறைகள் உண்டு, செலவு அதிகம் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் ஆபத்தில் உள்ள பிள்ளையைச் சோறும் படுக்கையும் கொடுத்து முழுநேரமாக வைத்திருந்தால் போலீசிடம் போகும் வாய்ப்பு குறைகிறது என்பது வெறும் நம்பிக்கை இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்திலேயே பாருங்கள். ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வில் தேறாத பிள்ளைகளுக்கென்றே சிங்கப்பூர் 2007இல் நார்த்லைட் பள்ளியைத் திறந்தது. தேறாதவன் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்று ஓர் அரசு முடிவெடுத்துப் பணம் ஒதுக்கினால் நடக்கக்கூடிய காரியம்தான் அது.

நம்மிடம் பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜொகூரில் சிம்பாங் ரெங்கம் என்ற பெயர் பல தமிழ்க் குடும்பங்களுக்கு மறக்காது. அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றிப் பிடித்த இளைஞர்களை வருடக்கணக்கில் அடைத்து வைத்த தடுப்பு மையம் அங்கேதான் இருந்தது. 1969இல் வந்த அந்தச் சட்டம் 2012இல்தான் காலாவதியானது. 2014இல் குற்றத் தடுப்புச் சட்டம், பொக்கா, திருத்தப்பட்டு மீண்டும் விசாரணையின்றி இரண்டு வருடம் அடைக்கும் வழி திறந்தது. அடைத்து வைத்தவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, படுக்கை, காவலர் என்று அரசு செலவு செய்தது. குளுவாங் சிறைக்குள் இளங்கைதிகளுக்குப் பள்ளி நடக்கிறது, எஸ்பிஎம் எழுத வைக்கிறார்கள். சிறைத்துறையின் அந்த முயற்சியை நான் மதிக்கிறேன், அங்கே படித்துத் தேறியவர்கள் உண்டு. ஆனால் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடும் படுக்கையும் ஆசிரியரும் ஒரே இடத்தில் கிடைக்க அவன் முதலில் குற்றவாளியாக வேண்டும் என்ற நிலை எனக்கு நெஞ்சைப் பிசைகிறது. அதே செலவை இரண்டு வருடம் முன்கூட்டிச் செய்ய ஏன் மனம் வரவில்லை?

இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுதோறும் 100 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கீடு பேசப்படுகிறது. அதில் பயிற்சிக்குப் போன பங்கும் உண்டு. ஆனால் பல பயிற்சிகள் மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம். முடிவில் எல்லாரும் சான்றிதழைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது வந்திருந்ததற்கான சான்றிதழ். எந்த முதலாளியும் அதைப் பார்த்துச் சம்பளத்தை ஏற்றுவதில்லை. திறன் மேம்பாட்டுத் துறை கொடுக்கும் எஸ்கேஎம் சான்றிதழுக்குத்தான் சந்தையில் எடை, அதிலும் மூன்றாம் நிலைக்கு வந்தால்தான் கொஞ்சம் பேரம் பேசலாம். 2021இல் மித்ரா மானியங்கள் குறித்து ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை தொடங்கிச் சிலரைக் கைது செய்ததும் நினைவிருக்கும். என்னை அதைவிட அதிகம் வருத்துவது, ஒழுங்காகச் செலவான பணமும் எப்படி அளக்கப்பட்டது என்பது. எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்று கணக்கு கேட்டார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அந்தத் தொழிலில் சம்பளம் வாங்குகிறார்கள் என்று கேட்டிருந்தால் பாதித் திட்டங்கள் தாமாகவே நின்றிருக்கும்.

இன்னொரு தரப்பு இருக்கிறது, அவர்களையும் விட முடியாது. தொழில் கையில் இருந்தால் போதும், எவனும் சுரண்ட முடியாது என்பவர்கள். சுரண்டுபவர்கள் பயிற்சி என்ற பெயரையே கருவியாக்கத் தெரிந்தவர்கள். தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் நடந்தது இப்படித்தான். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார ஆலைகளுக்கு ஏழைப் பெண்பிள்ளைகளைப் பயிலுநர் என்று சேர்த்தார்கள். விடுதியில் அடைத்து, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பியவள் அந்தத் தொகையை இழந்தாள். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்டு, மேலைநாட்டு ஆடை நிறுவனங்களின் பெயர் அடிபட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஜப்பான் 1993இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிலுநர் திட்டமும் ஆசிய நாடுகளின் இளைஞர்களைக் கற்பதற்கென்று அழைத்து மலிவுக் கூலியாக வைத்திருந்தது என்ற குற்றச்சாட்டில் சிக்கி, இப்போது அந்த நாடே அதை மாற்றிக்கொண்டிருக்கிறது.

நம் ஊரிலும் பட்டறைக்குப் பட்டறை இது நடக்கிறது. “வேலை கத்துக்கடா தம்பி, சம்பளம் அப்புறம் பாக்கலாம்” என்று தவுக்கேயும் சொல்கிறார், நம்மவரும் சொல்கிறார். மூன்று வருடம் கழித்தும் அந்தத் தம்பி கற்றுக்கொண்டேதான் இருக்கிறான். இஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரியும், கியர்பாக்ஸ் இறக்கத் தெரியும், கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அதனால்தான் பயிற்சிக் காலத்துக்கு எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் அதில் குறித்த தொகையும் வேண்டும் என்கிறேன். இதற்குப் புதுச்சட்டம்கூடத் தேவையில்லை. எஸ்எல்டிஎன் என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறை 2005 முதல் நம் நாட்டில் இருக்கிறது. பயிற்சியில் முக்கால் பங்கு வேலையிடத்தில், மீதி வகுப்பில். கம்பெனியும் பயிலுநரும் ஒப்பந்தம் போட வேண்டும், கம்பெனி உதவித்தொகை தர வேண்டும், முடிவில் கிடைப்பது அதே எஸ்கேஎம். சம்பாதித்துக்கொண்டே கற்க முடிகிற வழி இது. நம் மேடைகளில் இதன் பெயரைச் சொல்லி நான் கேட்டது அரிது.

பட்டறையில் மூன்று வருடம் தேய்ந்த அந்தத் தம்பிக்கும் வழி உண்டு. வேலை அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டி எஸ்கேஎம் வாங்கும் முறை இருக்கிறது. செய்த வேலைகளின் படம், முதலாளியின் கடிதம், விவரக் கோப்பு இவற்றைத் தயாரித்துக் கொடுத்தால் மதிப்பீட்டாளர்கள் பார்ப்பார்கள். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. ஆனால் அந்தக் கோப்பை மலாயில் எழுத வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், தவுக்கே கடிதம் தர வேண்டும். தன் கையால் நூறு இஞ்சின் இறக்கியவன் இந்த மூன்று தடையில் நின்றுவிடுகிறான். மாசாயிலோ கூலாயிலோ கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு இரண்டு பேர் உட்கார்ந்து கோப்பு எழுதிக் கொடுத்தால் போதும். திருவிழாவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கில் கட்டணத்தையும் கட்டிவிடலாம்.

அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்யவில்லை, தாய் வெளிநாட்டவர், அல்லது பிறப்பைக் காலத்தில் பதியவில்லை. பிறப்புப் பத்திரத்தில் ‘குடிமகன் அல்லர்’ என்று அச்சாகிவிடுகிறது. அந்தப் பிள்ளை இந்த மண்ணில் பிறந்தவன், இந்த மண்ணைத் தவிர வேறு எதையும் பார்த்தவன் இல்லை. பயிற்சி நிலையம் ஐசி கேட்கும், திறன் கடன் நிதி ஐசி கேட்கும், வங்கி ஐசி கேட்கும். கேட்காமல் வேலை கொடுப்பவன் ஒருவன்தான், அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்ல வேண்டியதில்லை. இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லும்போது இந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்தா சொல்கிறோம்?

பெண்பிள்ளைகளுக்கு என்று வந்தால் நம் கற்பனை தையல், கேக், சிகை அலங்காரத்தோடு நின்றுவிடுகிறது. அவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் செனாயிலும் கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்களும் மின்னணுத் தொழிற்சாலைகளும் எழும்புகின்றன. அங்கே குளிரூட்டியைக் கவனிக்க, மின்பலகையைச் சரிபார்க்க ஆள் வேண்டும். பதினாறு வயதில் பள்ளியை விட்ட பெண்ணுக்கு அந்தக் கதவைக் காட்டாமல், மாமன் மகன் ஜாதகத்தைக் காட்டுகிறோம்.

செய்ய முடியும் என்று காட்டியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உலு சிலாங்கூர் கலும்பாங்கில் இயங்கும், பசுபதி சிதம்பரமும் அவர் குழுவினரும் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளி கைவிட்ட இந்திய இளைஞர்களை அங்கேயே தங்க வைத்துச் சோறு போட்டு, முதலில் மனிதனாக நிமிர வைத்துப் பிறகு தொழில் கற்பிக்கிறது. அவர்களிடம் வரும் பிள்ளைகளும் மேடைகளில் வர மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட அதே பிள்ளைகள்தான். தங்க இடமும் சாப்பாடும் கூடப் பேச ஆளும் இருந்தால் வருகிறார்கள். ஆனால் நன்கொடையில் ஓடும் ஓர் அறவாரியம் ஒரு மாநிலத்தின் வேலையைச் செய்ய முடியாது. பொறுப்பு அரசுடையது.

அந்தப் பொறுப்பைக் கேட்க இதைவிட நல்ல நேரம் ஜொகூருக்கு வாய்க்காது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் ஐந்து ஆண்டில் 20,000 திறன்சார் வேலைகள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். தகுதி பெறும் புது முதலீட்டுக்கு 15 ஆண்டு வரை 5 விழுக்காடு கம்பெனி வரி. அங்கே வேலை செய்யும் தகுதியுள்ள அறிவுசார் ஊழியருக்குப் பத்தாண்டு 15 விழுக்காடு வருமான வரி. அதிகம் சம்பாதிப்பவர் கொஞ்சம் மிச்சம் பிடிக்கட்டும் என்று பத்தாண்டு வரியை விட்டுக்கொடுக்க முடிகிற அரசுக்கு, மாசாய்ப் பிள்ளை ஒரு வருடம் வெல்டிங் கற்க மாதம் ஆயிரம் ரிங்கிட் கொடுப்பது கட்டாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐந்து விழுக்காடு வரியை அனுபவிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இந்த மாநிலத்தின் பள்ளி விட்ட பிள்ளைகளில் இத்தனை பேரை எஸ்எல்டிஎன் பயிலுநராக, ஒப்பந்தத்தோடும் உதவித்தொகையோடும், விடுதியோ போக்குவரத்தோ ஏற்பாடு செய்து எடுக்க வேண்டும், மூன்றாம் நிலை முடித்தவனுக்கு வேலை தர வேண்டும் என்று சலுகைக் கடிதத்திலேயே நிபந்தனையாக எழுதலாம். ஜொகூர் சட்டமன்றத்தில் நம் சார்பில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த நிபந்தனையின் எண்ணிக்கையையும் தொகையையும் கேட்டு அவையில் கேள்வி எழுப்பட்டும். சலுகைக்கு விண்ணப்பங்கள் வந்துகொண்டிருக்கும் இப்போதே கேட்க வேண்டும். கடிதம் கைக்குப் போன பிறகு அதில் புது வரி சேர்க்க எந்த நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது.